பீலித் தண்ணீரில் பிழிந்த இடியப்பம்

சிவமணியின் இடியப்பத்தில் டீசல் மணக்கிறது என்பது சந்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிவமணிக்கு மட்டும் இன்னும் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் முதலில் தெரிந்தது அவளுக்குத்தான். விடியற்காலையில் மாவுக்குக் கொதிதண்ணீர் ஊற்றி, எழும்புகிற ஆவியில் முகத்தைக் கொடுத்து நிற்பவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி. கொழும்புக்கு வேலை தேடிப் போன புருஷன் வத்தளையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பதையும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள். சந்துக்கு அதுவும் தெரியும். சந்துக்குத் தெரியாதது எது?

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பெரிய பாதையிலிருந்து சரிவாக இறங்குவது அந்தச் சந்து. உச்சியில், பாதையோரமாக, ஏக்கநாயக்க முதலாளியின் சேர்விஸ் ஸ்டேஷன். லொறி, வேன், பஸ் எல்லாம் கழுவி ஒயில் மாற்றுகிற இடம். சரிவின் அடியில் பீலி. மலைக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீர் ஒரு இரும்புக் குழாய் வழியாகக் கல்லில் விழும். குடிப்பது, குளிப்பது, துவைப்பது, அடுத்த வீட்டுக் கதை பேசுவது எல்லாம் அங்கேதான். சந்தில் ஒரே ஒரு வீட்டில் மாநகரசபைக் குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வருவது விருந்தாளி வருகிற மாதிரி. வந்தால் கொஞ்ச நேரம், வராவிட்டால் இல்லை.

பீலித் தண்ணீரில் பிழிந்தால் இடியப்பம் மல்லிகைப் பூ மாதிரி வரும். அந்தப் பெயரை வைத்துத்தான் சிவமணி அக்குறணை பஸ்கள் நிற்கும் இடத்திலிருந்த முஹம்மது நாநாவின் ஹோட்டலுக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் இடியப்பம் கொடுத்துவந்தாள். வீட்டு வாடகை, அரிசி, மகளின் ஸ்கூல் சப்பாத்து எல்லாம் அந்த ஒரு கடையிலிருந்துதான்.

அன்று காலை நாநா தட்டை வாங்கவில்லை.

"தங்கச்சி, கோவிச்சுக்கொள்ளாதீங்க. நேத்து ஒரு மனிசன் கேக்கிறான், நாநா, ஒங்கட இடியப்பத்த லொறிக்குப் போட்டா மாத்தளை வரைக்கும் ஓடுமா எண்டு. கடையில ஈந்த எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கும் சிரிப்பு வந்திச்சி. பொறகு மிச்சம் கெடந்த இடியப்பத்தப் பாத்தன். சிரிப்பு போயிட்டு."

"மண்ணெண்ண அடுப்புல வச்சேன் நாநா, அதான் கொஞ்சம்..."

"விறகு விலை ஏறிட்டுண்டு போன மாசந்தானே என்கிட்ட அழுதீங்க? மண்ணெண்ண அடுப்பு எப்ப வாங்கின?"

சிவமணி தட்டின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

"நான் ஒங்கள விட்டுப்போட மாட்டன். ஆனா கடையையும் பாக்கணும். அலவத்துகொடயில றமீஸா லாத்தா ஈக்கிறா, அவட இடியப்பமும் நல்லம். வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கிறன். அதுக்குள்ள மணம் போகணும்."

மணம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு மர்மமும் இல்லை. போன மழைக்கு முன்னால் முதலாளி ஸ்டேஷனைப் பெரிதாக்கி, வாகனம் ஏற்றிக் கழுவ இரண்டாவது ரேம்ப் ஒன்று கட்டி, பின்பக்கத்தில் கழிவு ஒயிலுக்கு ஒரு குழி வெட்டினார். வெறும் மண் குழி. வாகனம் கழுவுகிற தண்ணீரும் சவர்க்கார நுரையும் பழைய ஒயிலும் டீசலும் அதற்குள் போகும். போனது நிரம்பவே இல்லை. நிரம்பாத குழியைப் பார்த்து முதலாளி மண்ணைப் புகழ்ந்தார். கீழே பீலிக் கல்லில் வானவில் மாதிரி ஒரு பளபளப்புப் படரத் தொடங்கியது.

சரி, மேலே ஏறிப்போய் "முதலாளி, உங்கள் குழியை மூடுங்கள்" என்று சொல்வதற்கு என்ன கேடு? அங்கேதான் விஷயம் இருந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், டவுனில் தமிழர் கடைகள் எரிந்து புகை எழும்பிய அன்று, சிங்களவரான ஏக்கநாயக்க முதலாளி தன் லொறிகளைச் சந்து வாயில் குறுக்கே நிறுத்திவிட்டு, அதற்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பொல்லும் பெட்ரோல் கானும் கொண்டு வந்தவர்களிடம், "சந்து என்னுடையது. உள்ளே போக வேண்டுமென்றால் முதலில் லொறியைத் தள்ளுங்கள்" என்றார். வந்தவர்கள் தள்ளிப் பார்க்காமலே வேறு சந்துக்குப் போய்விட்டார்கள். இதில் பொய் இல்லை; எல்லோரும் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். பொய் பிறகுதான் சேர்ந்தது. இரண்டு லொறி மூன்றாகி இப்போது ஐந்தில் நிற்கிறது. வந்த கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் பெருத்துவிட்டது. உண்மையான எண்ணிக்கை முதலாளிக்கே மறந்துபோயிற்று.

அன்றிலிருந்து பொங்கலுக்கு முதல் தட்டு மேலே போகும். தீபாவளிக்குப் பலகாரம் மேலே போகும். சந்தில் குடியிருக்கிற பாலாம்பிகை, கோயிலுக்குப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பாள். யாழ்ப்பாணத்துக்காரி, புருஷன் திருச்செல்வம் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க், சந்தின் ஒரே குழாயும் அவள் வீட்டில்தான். நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டபோது கொஞ்சம் திணறி, பிறகு "பரணி" என்று சொல்லிவிட்டாளாம். பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வான் என்று ஒரு நம்பிக்கை. அப்படி நட்சத்திரம் கொடுத்து வைத்திருக்கிற மனிதரிடம் போய் ஒயில் குழியைப் பற்றிப் பேசுவதா?

மாலையில் பீலியடியில் மகாநாடு கூடியது.

"நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றாள் பாலாம்பிகை. அவள் வீட்டுக் குழாய் அன்று வரவில்லை. "அந்த மனுசன் இல்லாட்டி இண்டைக்கு எங்கட வீட்டுக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. இவர் சொல்லுறார், ஏதோ சுற்றாடல் சட்டமாம். வாகனம் கழுவுற இடமெல்லாம் இனி லைசன் எடுக்கவேணுமாம். கவுண்மேந்து ஆக்களே வந்து பாப்பினம். நாங்கள் ஏன் வாயைக் குடுப்பான்?"

"அனே, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள் சோமா அக்கே. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண். சந்தையில் பழகிய தமிழில் வெளுத்து வாங்குவாள். "ஒங்க ஆளுங்க மேல அவருக்குப் பாசம். நாங்க சொன்னா, இந்தச் சோமாவுக்குப் பொறாமை, ரெண்டாவது ரேம்ப் பொறுக்கலன்னு சொல்லுவாரு."

"எங்க மேல பாசம். அதனாலதான் எங்களால சொல்ல முடியல" என்றாள் சிவமணி. "உங்க மேல பாசமில்ல. அதனால உங்களாலயும் சொல்ல முடியல. அப்போ யாருதான் சொல்றது?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"உமக்குத்தானே தொழில்" என்றாள் பாலாம்பிகை, மிகவும் இரக்கமாக.

அடுத்த நாள் சிவமணி ஒரு செம்பு நிறையப் பீலித் தண்ணீர் பிடித்து, தட்டால் மூடி, மேலே ஏறினாள். அவள் போட்ட திட்டம் லேசானது. நேராகச் சொல்ல வேண்டியதில்லை. செம்பை நீட்டினால் போதும். மனுஷனுக்கு மூக்கு இருக்கிறது, புத்தி இருக்கிறது, மிச்சத்தை அவரே புரிந்துகொள்வார். யாருடைய முகமும் கோணாது. அப்படித்தானே நாகரிகமானவர்கள் நடந்துகொள்வார்கள்?

முதலாளி ரேம்புக்குப் பக்கத்தில் நின்று ஒரு தேயிலை லொறியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரமும் பனியனும் ஒயில் கறையுமாக ஆள் ஒரு மலை. இளவயதில் ஹுன்னஸ்கிரிய தோட்டங்களுக்கு லொறி ஓட்டிப் பழகிய தமிழ் அவருடையது; தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் நங்கி என்பார்.

"வா நங்கி, வா. ஒக்காரு. டேய், ஒரு டீ!"

"பீலித் தண்ணி கொண்டாந்தேன் முதலாளி."

"எனக்கா?" அவர் முகம் மலர்ந்தது. "இந்த வெயிலுக்கு யாருக்கு இந்த யோசனை வரும்? ஒங்க ஆளுங்களுக்குத்தான் வரும்."

செம்பை வாங்கினார். அண்ணாந்தார். தொண்டை மேலும் கீழும் போக ஒரே மூச்சில் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரித் தண்ணி கண்டி பூரா தேடினாலும் கெடைக்காது."

சிவமணி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பு இல்லை. வருஷக்கணக்காக டீசலுக்குள்ளேயே எழும்பி டீசலுக்குள்ளேயே படுக்கிற மனுஷனுக்கு மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு டீசல் பவுசர் லொறி கவிழ்ந்தாலும், பூ ஏதாவது பூத்திருக்கிறதா என்று கேட்பார் போலிருந்தது. இதைச் சந்தில் ஒருத்தராவது கண்டுபிடித்தார்களா? என்ன உளவு பார்த்து என்ன பிரயோஜனம்!

"நீயே வந்தது நல்லதாப் போச்சு" என்றார் அவர். "திங்கக்கிழமை ரெண்டு மாத்தயா, கவர்மெண்டு ஆளுங்க, வாறாங்க. லைசன் விஷயம். கீழ தண்ணி கெட்டுப்போகுதான்னு பாப்பாங்களாம். நான் என்ன படிச்சவனா, அவங்களோட பேச? ஒரு யோசனை வச்சிருக்கேன். ஒன் இடியப்பத்த மேசையில வச்சிடுவேன். இந்தா, கீழ பீலித் தண்ணியில செஞ்சது, சாப்பிட்டுப் பாருங்கன்னு சொல்லுவேன். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சொதி, சம்பல் எல்லாத்தோடயும் கொண்டு வா."

"சரிங்க முதலாளி."

போகும்போது அவள் வாயில் ஒரு சொல் இருந்தது. திரும்பும்போது தலையில் ஒரு பந்தி இருந்தது.

வெள்ளிக்கிழமை முஹம்மது நாநா ஒரு இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, தட்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

"றமீஸா லாத்தாக்கு செல்லிட்டன், தங்கச்சி."

"தண்ணி சரியானா?"

"சரியான அண்டைக்கே வாங்க. ஆனா அவவும் புள்ளகுட்டிக்காரி. நாள் போனா அவவ நிப்பாட்ட எனக்கு வாய் வராது."

சிவமணி வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழும்பி, சுத்தமாக இருந்த உரலைக் கழுவினாள். மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடியும் கழுவினாள். சனிக்கிழமை பூராவும் அப்படித்தான் போயிற்று. அவள் வீட்டில் பாத்திரம் உருள்கிற சத்தத்தைச் சந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை பின்கதவைத் தட்டினாள் பாலாம்பிகை. கையில் இரண்டு பிளாஸ்டிக் கான். நிறையக் குழாய்த் தண்ணீர். ஆள் வைத்து அனுப்பாமல் தானே சுமந்து வந்திருந்தாள். அதிலிருந்தே விஷயத்தின் பாரம் தெரிந்தது.

"இதில பிழியும். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"நாளைக்கு இதுல பிழியலாம் அம்மா. நாளன்னைக்கு?"

"நாளையிண்டைக்கு வாறதை நாளையிண்டைக்குப் பாப்பம்."

"நாளன்னைக்கு உங்க குழாயத் திறந்து விடுவீங்களா?"

பாலாம்பிகை அதைக் காதில் வாங்காமல் குரலைத் தாழ்த்தினாள். "சிவமணி, நாடு கிடக்கிற கிடையைப் பாரும். வடக்கில சண்டை. இஞ்ச வீட்டில ஆர் ஆர் நிக்கினம் எண்டு பொலிசில பதிஞ்சுபோட்டு இருக்கிறம். இந்த நேரத்தில ஒரு தமிழ்ப் பொம்பிளை தண்ணியில ஏதோ கலந்திருக்கு எண்டு வாய் திறந்தா, கதை எங்க போய் முடியும்? கலந்தது ஆர் எண்டு கேட்பாங்கள். பிறகு நீர் என்னத்தைச் சொல்லுவீர்? முதலாளி சந்தோஷமா லைசன் எடுத்துக்கொண்டு போகட்டும். எங்களுக்கு அவர் வேணும்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் சிவமணியைத் தூங்கவிடவில்லை. அநியாயமான பேச்சு என்றால் திட்டிவிட்டுப் படுத்திருப்பாள்.

திங்கட்கிழமை விடிந்தது. ஒரு பக்கம் குழாய்த் தண்ணீர் கான். ஒரு பக்கம் பீலித் தண்ணீர்க் குடம். குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் லைசன் கிடைக்கும், குழி நிரம்பாமல் குடித்துக்கொண்டே இருக்கும், பீலி பீலியாக இராது, நாநாவின் கடைக்கு அலவத்துகொட இடியப்பமே நிலைத்துவிடும். பீலித் தண்ணீரில் பிழிந்தால் முதலாளியின் முகத்தில் கரியைப் பூசுவது. அதோடு, இப்படியான இடியப்பத்தையா விற்றாய் என்று அவளையும் பிடிப்பார்கள். இரண்டு பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவள் செய்த காரியம் அந்தச் சந்துக்கே உரியது. சொதிக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். இடியப்பத்துக்குப் பீலித் தண்ணீரை ஊற்றினாள். யாருக்கும் முழுத் துரோகம் செய்யவில்லை. வாயால் சொல்லவும் வேண்டாம், இடியப்பமே சொல்லிவிடும்.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதான சுகாதாரப் பரிசோதகர். வாசலிலேயே சொதியின் ரம்பை இலை மணத்தைப் பிடித்துவிட்ட ஆள். மற்றவர் சுற்றாடல் பிரிவு இளைஞர். கையில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கிற போத்தல். சந்து முழுக்க வேலியோரமாக ஏதேதோ வேலை இருப்பது போல் வந்து நின்றது. திருச்செல்வம் லீவு போட்டுவிட்டு, ஆனால் ஒபிசுக்குப் போகிற சேர்ட்டோடு நின்றார்.

முதலாளி தன் பேச்சைப் பேசினார். தட்டுகள் வந்தன. பரிசோதகர் இடியப்பத்தைப் பிய்த்து, அதன் மேல் சொதியை ஊற்றி, இன்னும் ஊற்றி, சம்பலைப் போட்டுக் குழைத்தார். இளைஞரும் அப்படியே செய்தார். மஞ்சளும் பச்சை மிளகாயும் ரம்பையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த அந்த வெள்ளத்தில் டீசல் எங்கே தலை காட்டும்?

"அருமையான சொதி" என்றார் பரிசோதகர் சிங்களத்தில்.

"நல்ல இடியப்பம்" என்றார் இளைஞர். போத்தல் மேசைக் காலருகில் காய்ந்து கிடந்தது.

முதலாளி சந்தைப் பார்த்துச் சிரித்தார். சந்தும் அவரைப் பார்த்துச் சிரித்தது. பாலாம்பிகை, தன் குழாய்த் தண்ணீர் வேலை செய்துவிட்டது என்று நினைத்து, பெருமூச்சு விட்டாள். எல்லாம் அமைதியாக முடியப் போகிறது. இன்னும் ஒரு தட்டு, ஒரு டீ, ஒரு கையெழுத்து.

சிவமணி தட்டுகளைப் பார்த்தாள். செம்பு சொல்லவில்லை. இடியப்பமும் சொல்லவில்லை. இனி யார் இருக்கிறார்கள்?

பரிசோதகர் மறுபடி சொதிச் சட்டியை இழுத்தார். அவள் கை முன்னால் போய்ச் சட்டியைப் பிடித்தது.

"ஐயா" என்றாள், தனக்குத் தெரிந்த சிங்களத்தில். "சொதி இல்லாம ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க."

"ஏன்?"

"சும்மா. ஒண்ணே ஒண்ணு."

பரிசோதகர் அவளை வினோதமாகப் பார்த்தார். இளைஞர்தான் ஒரு இடியப்பத்தை எடுத்து வெறுமையாகக் கடித்தார். மென்றார். நிறுத்தினார். மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு தலையைத் திருப்பி, ரேம்பைப் பார்த்தார், பின்பக்கக் குழியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கீழே பீலியைப் பார்த்தார். பார்வை போன வழியிலேயே சந்தின் பார்வையும் போய் வந்தது.

"எந்தத் தண்ணீர்?"

"பீலித் தண்ணி. முதலாளி அதத்தானே காட்டச் சொன்னாரு."

முதலாளி தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "என்ன? நல்லாத்தானே இருக்கு?" வேலியோரம் நின்றவர்களைப் பார்த்தார். "சோமா? திருச்செல்வம் மாத்தயா? என்ன, நல்லாத்தானே இருக்கு?"

சோமா அக்கே சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். திருச்செல்வம் மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்தார். மெல்லுவதை முதலாளி மெதுவாக நிறுத்தினார்.

"இதை விற்கிறாயா?" என்று கேட்டார் பரிசோதகர். தான் சாப்பிட்டதை நினைத்து அவருக்குக் கோபம் ஏறியிருந்தது.

"வெள்ளிக்கிழமையோட விக்கல ஐயா."

சட்டம் பேசத் தொடங்கியது. குழிக்குச் சிமெந்து கட்டி, ஒயிலைப் பிரிக்கிற தொட்டி வைக்கும்வரை லைசன் இல்லை. அதைச் செய்ய மூன்று மாதத் தவணை. தவணை முடிகிறவரை தொழிலை நடத்தலாம். பீலிக்குத் தவணை இல்லை. அன்று பின்னேரமே ஒரு பலகை வந்து இறங்கியது. குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழில் எழுத இடம் போதவில்லையோ, ஆள் கிடைக்கவில்லையோ. கெடுத்தவருக்கு மூன்று மாதம். கெட்டதைக் குடித்தவர்களுக்கு ஒரு நாள் கூட இல்லை. திருச்செல்வம் அது முறைப்படி சரி என்று விளக்கினார். யாரும் அவரை அடிக்கவில்லை என்பது அந்தச் சந்தின் பெருந்தன்மை.

கோபமெல்லாம் சிவமணி மேல் திரும்பியது.

"நான் தண்ணி தந்தனான் எல்லோ?" என்றாள் பாலாம்பிகை, வாசலில் நின்று.

"சொதிக்கு ஊத்தினேன் அம்மா. நல்ல சொதின்னு ரெண்டு பேரும் சொன்னாங்களே."

"பகிடி விடுறீரோ? இனிக் குடிக்கிறதுக்கு என்ன செய்யிறது? அந்த மனுசன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

பொழுது சாய்கிற நேரத்தில் அந்த முகமே சரிவில் இறங்கி வந்தது. சந்தின் அத்தனை திரைச்சீலையும் ஒரு விரல் அகலம் விலகியது. முதலாளி சிவமணியின் வாசலில் நின்றார். அவள் கதிரையை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நீ எனக்குச் சொல்லியிருக்கலாமே நங்கி."

"சொல்லத்தான் வந்தேன் முதலாளி. செம்போட. நீங்க குடிச்சிட்டீங்க."

அவர் யோசித்தார். கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போயிற்று. "அதுலயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்கு மணமே தெரியாது. எத்தனையோ வருஷமாச்சு. பொஞ்சாதிக்கு மட்டுந்தான் தெரியும்." பீலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சந்துக்கெல்லாம் தெரியுமா, இந்தத் தண்ணி விஷயம்?"

"தெரியும்."

"ஒருத்தன் சொல்லல. நான் என்ன பேயா? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நீங்க பேயா இருந்தா முதல் நாளே ஏசியிருப்போம் முதலாளி." திறந்த வாயை மூடச் சிவமணிக்கு இனி வழி தெரியவில்லை. "இன்னொரு தடவ அந்த ஆடிக் கலவரம் மாதிரி ஒண்ணு வந்தா யாரு வந்து நிப்பா? அதான் பயம். உங்களக் கோவிக்க வச்சிட்டா எங்களுக்கு யாரு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். கதிரை முனகியது. தலையைக் குனிந்துகொண்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைய நிப்பாட்ட முடியாது நங்கி. அங்க வேலை செய்ற பொடியன்மாரு வீட்டுலயும் அடுப்பு எரியணும். மாத்தயாமாரு மூணு மாசம் குடுத்திருக்காங்க."

"எனக்கு நாநா மூணு நாள்கூடக் குடுக்கல. அப்போ தண்ணிக்கு நாங்க என்ன செய்ய?"

அவர் எழும்பினார். மேலே ஏறிப் போனார். திரைச்சீலைகள் மூடின. அவர் கோபமாகப் போனாரா, கவலையாகப் போனாரா என்று சந்து இரவுச் சாப்பாடு வரை விவாதித்தது. முதுகைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்று சோமா அக்கே தீர்ப்பளித்தாள்.

காலையில் எல்லோரும் காதை மேலே கொடுத்திருந்தார்கள். வழக்கமான நேரத்துக்கு, வழக்கம் போல, வாகனம் கழுவுகிற மோட்டார் உறுமத் தொடங்கியது.

சிவமணி அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், சரிவில் ஏறினாள். சேர்விஸ் ஸ்டேஷனுக்குப் பெரிய தொட்டி உண்டு. மாநகரசபை பிரதான குழாயிலிருந்து நேராக வருகிற தண்ணீர். தொட்டியின் குழாய் முதல் ரேம்புக்கும் இரண்டாவது ரேம்புக்கும் நடுவில். அவள் ரேம்பில் ஏறி, வாளியை வைத்து, குழாயை முழுக்கத் திறந்தாள். மோட்டாரும் அதே தொட்டியில்தான் குடிக்கிறது. கழுவிக்கொண்டிருந்தவன் கையிலிருந்த குழாய் சீறலை விட்டுத் துவண்டு போயிற்று.

"அக்கே, அங்கிட்டு நில்லுங்க, லொறி ஏறணும்" என்றான் அவன்.

"குழாய் இங்கதானே இருக்கு. நான் எங்க நிக்கிறது?"

கொஞ்ச நேரத்தில் சோமா அக்கே ஒரு குடத்தோடு வந்தாள். தன் வீட்டில் தண்ணீர் இல்லை என்பதை உலகத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றாள். அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கடைசியில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒபிஸ் சேர்ட்டோடு, இரண்டு பிளாஸ்டிக் கானோடு திருச்செல்வம்.

"மனுசி அனுப்பினவ" என்றார், யாரும் கேட்காமலே. "எங்கட குழாய் இண்டைக்கும் வரேல்லை."

முதலாளி டீக் கோப்பையோடு அறையிலிருந்து வெளியே வந்தார். நின்ற மோட்டாரைப் பார்த்தார். ரேம்பின் மேல் வரிசையைப் பார்த்தார். பாதையில், உள்ளே திரும்ப வழியில்லாமல், ஒரு தேயிலை லொறி உறுமிக்கொண்டு நின்றது. திருச்செல்வம் ஒரு அடி பின்வாங்கினார்.

முதலாளி கோப்பையை ரேம்ப் விளிம்பில் வைத்தார். சிவமணியின் இரண்டாவது வாளியை எடுத்துக் குழாயடியில் தள்ளினார்.

"எவ்வளவு நேரம் எடுக்கும் நங்கி?"

"இன்னைக்கு மட்டுமில்ல முதலாளி. குழிய நீங்க கட்டி முடிக்கிற வரைக்கும், தினமும். எனக்கு இடியப்பத்துக்கு ரெண்டு வேளையும் வேணும்."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்."

லொறிக்காரன் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினான். முதலாளி திரும்பி, பொறு என்று கையைக் காட்டினார். பிறகு பின்பக்கக் குழியின் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் என்ன இருந்தது என்று அன்று மாலை சந்தில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது.

சிவமணி வாளிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அரைத்த மாவு இருக்கிறது, விறகு இருக்கிறது, இப்போது பற்றவைத்தால் மாலை பஸ்களுக்கு நாநாவின் கடை வாசலில் நிற்கலாம். றமீஸா லாத்தாவுக்கு முன்னால் போய்ச் சேர முடியுமா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அவசரத்தில் தண்ணீர் தளும்பிக் கால்களை நனைத்தது. பின்னால் லொறி இன்னொரு தடவை ஹோர்ன் அடித்தது. சோமா அக்கே தன் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.